அன்னமிடும் கைப்புறம்

"உள்ள போனா நானும் திரும்ப மாட்டேன் சார்!" என்று குகை வாயிலிலேயே உட்கார்ந்துவிட்டான் சுடலைமுத்து. அவன் வனத்துறைக் காவலன். கரடி குறுக்கே வந்தாலும் விசிலடித்துக்கொண்டே நடக்கிறவன். அவனே உட்கார்ந்துவிட்டதும் உலகம்மாள் குகை வாயை இன்னொரு முறை குனிந்து பார்த்தாள்.

ஆனால் போயே ஆகவேண்டும். நேற்றுக் காலை இந்த வாய் வழியாக உள்ளே நுழைந்த அவள் அண்ணன் காந்திமதிநாதன் இன்னும் வெளியே வரவில்லை. தீயணைப்புப் படைக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது. அவர்கள் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து மலையேறுவதற்குள் மத்தியானமாகிவிடும். மேற்கே கறுத்திருந்த மேகம் அதுவரை பொறுக்கிற மாதிரி தெரியவில்லை. மழை பெய்தால் ஓடை நேரே குகைக்குள் புகுந்துவிடும்.

"ஞானராஜ் அண்ணே, கயிற எடுங்க" என்றாள் உலகம்மாள். ஞானராஜ் நாதனோடு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவர். படையெடுப்புகளைப் பற்றி முழங்குவாரே தவிர, வீட்டில் பல்லி விழுந்தால் கட்டிலில் ஏறி நிற்பவர். ஆனாலும் நண்பனுக்காக வந்துவிட்டார். அந்த மட்டுக்கும் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

இத்தனை வம்புக்கும் காரணம் ஆவுடையப்ப பிள்ளை. உலகம்மாள் குடும்பத்து மூதாதை. ஆயிரத்து எழுநூறுகளில் இந்த மலையடிவாரப் பாளையத்துக்குப் பிரதானியாக, அதாவது மந்திரியாக, இருந்தவர். நவாபுக்கு ஓர் ஓலை, டச்சுக்காரருக்கு ஓர் ஓலை, இங்கிலீஷ்காரக் கும்பினிக்கு ஓர் ஓலை எழுதுவார். மூன்றிலும் மூன்று உண்மை இருக்கும்! படை வருகிறது என்றதும் அவற்றின் பிரதிகளை இந்தக் குகையில் ஒளித்துவிட்டு, மகனுக்கு இப்படி எழுதினார்: "சிரஞ்சீவி குமாரன் கண்டுகொள்ளவும். உள்ளே வழி இரண்டாகும். உன் தாயார் அன்னமிடும் கைப்புறமே போ. மற்றது எமன் வாசல்."

சோறு போடும் கை எது? பச்சைப்பிள்ளையும் சொல்லும். நாதன் வலப்பக்கம் என்று குறித்துக்கொண்டு, ஒளித்த ஓலைகளைத் தேடிக் கிளம்பிவிட்டான்.

வாயில் தாழ்வாக இருந்தது. இருவரும் வயிற்றால் ஊர்ந்து இறங்கினார்கள். வௌவால் நாற்றம் மூக்கைத் துளைத்தது. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. எழுந்து நிற்க இடம் கிடைத்தபோது, டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கறுப்பு வழிகள் தெரிந்தன.

"வலது. நாதன் சொன்னது வலதுதான்" என்று ஞானராஜ் காலெடுத்து வைத்தார்.

"நில்லுங்க!"

உலகம்மாள் தன் கையைப் பார்த்தாள். டார்ச் இடக்கையில் இருந்தது. பிறவிப் பழக்கம். சின்ன வயதில் அம்மா அந்தக் கையைத் துணியால் கட்டிப் பார்த்தாள். "பீச்சாங்கையால பரிமாறினா எவன்டி சாப்பிடுவான்?" என்று இன்றைக்கும் கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள்.

வீட்டுப் பரணில் மிஞ்சியிருந்த ஓலைகளைப் படியெடுக்கும்போது நாதன் அவற்றை இரண்டு கட்டாகப் பிரித்திருந்தான். ராஜாங்கக் கட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மற்றதைத் தங்கையிடம் தள்ளினான். "எல்லாம் புளிக்குழம்பு சமாச்சாரம். பொழுது போகலன்னா படி" என்றான். அவள் படித்தாள். அதில் பிரதானி மகனுக்கு எழுதிய ஓர் ஓலை இப்போது நினைவுக்கு வந்தது. "உன் தாயார் இடக்கையால் பரிமாறியதைக் கண்டு சம்பந்திமார் முகம் சுளித்ததாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கையால் உண்டு வாழ்வது இந்த உடம்பு. பழிப்பவன் நம் வீட்டுப் படி ஏற வேண்டாம்."

அவள் ஞானராஜின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, அந்தம்மா இடக்கைக்காரி. வலப்பக்கம்தான் எமன் வாசல். எங்க அண்ணன் அதுக்குள்ளதான் போயிருக்கான்!"

தெரிந்தே அதற்குள் போகவேண்டியிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் தரையைத் தட்டிப் பார்த்தபடி நகர்ந்தாள். திடீரென்று தட்டிய இடத்தில் தரையே இல்லை! ஒரு கல் உருண்டு விழுந்தது. வெகு நேரம் கழித்துத்தான் 'தொபுக்' என்று கேட்டது.

"யாரு?" என்று கீழேயிருந்து ஒரு முனகல்.

"அண்ணே!"

பள்ளத்தின் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைமீது நாதன் கிடந்தான். ஒரு கால் முறுக்கிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கீழே கறுப்புத் தண்ணீர் பளபளத்தது. கயிற்றைப் பாறையில் சுற்றி இறக்கினார்கள். அவன் அக்குளில் மாட்டிக்கொண்டதும், பல்லைக் கடித்துக்கொண்டு இருவரும் இழுத்தார்கள். மேலே வந்தவனைக் கட்டிக்கொண்டு உலகம்மாள் ஓவென்று அழுதுவிட்டாள்.

அழுது முடிக்கக்கூட நேரமில்லை. "வெளிய வாங்க! ஓடை வருது! ஓடை..." என்று சுடலைமுத்து கத்தினான். அதற்குமேல் அவன் குரலைத் தண்ணீரின் இரைச்சல் விழுங்கிவிட்டது. நாதனைத் தாங்கிக்கொண்டு வழி பிரியும் இடத்துக்கு வந்தால், ஊர்ந்து வந்த வாயையே காணோம். அந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

"இடது பக்கம் போவோம்" என்றாள் உலகம்மாள்.

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா? வலதே இப்படின்னா இடது எமன் வாசல்லா!" என்று நாதன் அவள் தோளை இறுக்கிப் பிடித்தான்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். ஞானராஜ் அவளைத் தடுத்தார். "உலகு, அந்தப் பிரதானி ஊரெல்லாம் பொய் எழுதின ஆளு. வீட்டுக்கும் பொய் எழுதியிருந்தா?"

தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவளுக்கும் அதே பயம்தான். ஒரு பழைய வீட்டுப் பேச்சை நம்பி மூன்று உயிரைக் கொண்டுபோகிறோமே என்று நினைத்தாள். "மூணு ராஜாங்கத்த ஏமாத்தினவருதான். ஆனா சோறு போட்டவளப் பத்தி எதுக்குப் பொய் எழுதணும்? வாங்க!"

இடப்பக்க வழி மேலே ஏறும் என்று நினைத்திருந்தாள். அது கீழே இறங்கியது! தண்ணீர் இடுப்புக்கு வந்தது, பிறகு மார்புக்கு. டார்ச் நனைந்து அணைந்தது. நாதன் வாய்விட்டு முருகனைக் கூப்பிட்டான். 'நான்தான் எல்லாரையும் கொன்னுட்டேன்' என்று உலகம்மாளுக்குத் தோன்றியது.

அப்போது தடவிக்கொண்டு போன அவள் இடக்கை ஒரு குழியில் பதிந்தது. உளியால் வெட்டிய கைப்பிடி! அடுத்து இன்னொன்று. எல்லாம் இடது சுவரில், அவள் கை தானாகப் போகும் உயரத்தில் இருந்தன. வலது சுவர் வழவழவென்றிருந்தது. "வழி இருக்கு! வழி இருக்கு!" என்று கத்திக்கொண்டே பிடித்து ஏறினாள். நாதனைத் தாங்கியபடி ஞானராஜும் பின்னால் ஏறினார்.

மேலே தண்ணீர் எட்டாத அறை ஒன்று. கூரை வெடிப்பில் பகல் வெளிச்சம் விழுந்தது. மழை படாத மூலையில், அரக்கு வைத்து மூடிய செப்புக்குடம்.

வெடிப்பின் வழியாக அவர்கள் ஒருவர்பின் ஒருவராக மலைமேல் தலைநீட்டியபோது, கீழே தலையில் அடித்து அழுதுகொண்டிருந்த சுடலைமுத்து நிமிர்ந்து பார்த்தான். "ஐயோ பேயி!" என்று அலறி ஓடினான். தீயணைப்புப் படைதான் அவனைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தது.

குடத்தை அதிகாரிகள் முன்னிலையில் திறந்தார்கள். நவாப், டச்சு, கும்பினி ஓலைகளெல்லாம் அடியில் கிடந்தன. மேலே, பட்டுத்துணியில் சுற்றியிருந்தது வீட்டுக் கடிதங்களின் இன்னொரு கட்டு. நாதன் அதைத் தங்கை பக்கம் நகர்த்தினான். பிறகு, "முதல்ல இதப் படியெடுப்போம் உலகு" என்றான்.

காலில் மாவுக்கட்டோடு அவன் வீட்டுக்கு வந்த அன்று விருந்து. ஞானராஜும் சுடலைமுத்தும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். உலகம்மாள் வழக்கம்போல் ஒதுங்கி நின்றாள். அம்மா சோற்றுக் கரண்டியோடு வந்தாள். மகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். கரண்டியை மகளின் இடக்கையில் வைத்து அழுத்தினாள்.

"நீயே போடுட்டி. எனக்கும் சேர்த்துப் போடு" என்று சொல்லி, ஓர் இலையைத் தன் முன்னால் விரித்துக்கொண்டாள்.