கசக்காத மருந்து

“அய்யோ…!”

அலறியவள் ராக்காயி.

முதுகில் ஒட்டியிருந்த போர்வையோடு தோலும் சேர்ந்து உரிந்து வந்தது.

1962. இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியின் கடைசி அறை. வெளியே பூட்டு, நிலையில் வேப்பிலை. உடம்பெல்லாம் கொப்புளம் என்றதும், டாக்டர் மறுத்தும் கேட்காமல் அம்மை என்று முடிவுகட்டிவிட்டது தொழிலாளர் குடியிருக்கும் லயம். புருஷன்கூட எட்டிப் பார்க்கவில்லை.

உள்ளே வருகிற ஒரே ஆள் ஆஸ்பத்திரி ஆயா காளியாயி. ஏற்கெனவே அம்மை கண்டவள், அவளுக்குத் தொற்றாதாம். ஆனாலும் கண்ணுக்குக் கீழே முகம் முழுவதையும் துண்டால் மூடிக் கட்டியிருந்தாள்.

“கஞ்சியக் குடி புள்ள. மாத்திரையப் பொடிச்சுக் கரைச்சிருக்கேன்.”

“வாயெல்லாம் புண்ணுக்கா… ஆறட்டும்.”

“சீக்கிரம். நான் மேட்டு லயத்துக்குப் போகணும்.”

முழங்கால் வலியில் நொண்டிக்கொண்டிருந்தவள், இப்போதெல்லாம் மேட்டில் ஓடுகிறாள். கொடுத்துவைத்த மகராசி. ராக்காயிக்கு எரிச்சலாக வந்தது.

டாக்டர் கணேசமூர்த்தி உள்ளே வந்தார்.

“ஒன் ஒடம்பே ஒன் தோல எதிரின்னு நெனைச்சுத் தாக்குது ராக்காயி. கொழும்பு மாத்திரை குடுத்து ஒன்றரை மாசமாச்சு. கூட்டியும் குடுத்தாச்சு… கேக்கல. இதுக்கு மேல எங்கிட்ட மருந்தில்ல.”

இந்தப் பூட்டுக்குள்ளேயே சாவா? ராக்காயி கதவைப் பார்த்தாள்.

டாக்டர் அவள் முகத்தையே பார்த்தார்.

“இந்த மாத்திரை தின்னா மூஞ்சி உப்பணுமே… துப்பிடுறியா?”

“சத்தியமா இல்லீங்க. குடிக்கிறதுக்கு என்ன? கசக்கக்கூட இல்லீங்களே.”

“கசக்கலயா?”

ஆறிக்கொண்டிருந்த கஞ்சியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

வெறும் கஞ்சி.

“காளியாயி… துண்ட எடு.”

“அம்மை தொத்திக்குங்க டாக்டரையா…”

“ஒனக்குத்தான் தொத்தாதே. எடு.”

துண்டு விலகியது.

ஒட்டிய கன்னக்காரி காளியாயியின் முகம், பூசணிக்காயாக உப்பியிருந்தது!

“முழங்கா வலிங்க… ஒண்ணு தின்னு பாத்தேன். கேட்டுச்சு. அப்புறம் விட முடியல…” காளியாயி அழுதாள்.

“நான் செத்தா பரவாயில்லயாக்கா?” ராக்காயி டாக்டர் பக்கம் திரும்பினாள். “இவள இப்பவே பொலிசுல குடுங்க டாக்டரையா.”

“இப்ப முடியாது. திடீர்னு நிப்பாட்டினா இவ உசுருக்கு ஆபத்து. கொஞ்சங்கொஞ்சமாத்தான் கொறைக்கணும். பக்கத்துக் கட்டில்ல போட்டுப் பூட்டுறேன். இனி ஒனக்கு முழு மருந்தும் என் கையால.”

ஒன்றரை மாதத்தில் முதல்முறையாக, அந்தப் புண் வாயோடு ராக்காயி சிரித்தாள்.

“எனக்கு நீங்க குடுங்க டாக்டரையா. அக்காவுக்கு மட்டும் நானே கஞ்சியில கரைச்சுக் குடுக்கிறேனுங்க.”