வெற்றுக் கோப்பில் முளைத்த மரம்

கோப்பில் ஓர் எழுத்துகூட இல்லை. ஆனாலும் மரத்தில் ஒரு கிளை இருந்தது.

பிரதிமா காமத் அதை மூடிவிட்டு மறுபடி ஓட்டினாள். பள்ளிப் பிள்ளைகள் கன்னடத்திலேயே நிரல் எழுதுவதற்காக அவள் குழு ஒரு சின்ன மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தது. எடிட்டரில் அடிப்பதைச் சொல் சொல்லாக வெட்டும் லெக்ஸரும், வெட்டிய துண்டுகளை மரமாகக் கோக்கும் பார்சரும் அவள் பொறுப்பு. அந்த மரம் திரையின் ஓரத்தில் தெரியும். எழுத்தே இல்லையென்றால் மரமும் இருக்கக் கூடாது. இருந்தது. பெயர்: கதவு.

வெளியே மங்களூரின் ஆடி மழை ஓடுகளில் ஓயாமல் இரைந்துகொண்டிருக்க, மத்தியானமே கூடம் இருட்டிக் கிடந்தது. ஊறிய சுவரின் வாடையும் அடுப்படியில் மிஞ்சிய பலாக்கொட்டைக் குழம்பின் மணமும் கலந்து வந்தன. கணவன் உடுப்பி போயிருந்தான். உள்ளறையில் மூன்று வயது மிஹிரா தூங்கினாள்.

பெங்களூரில் இருக்கும் நிரஞ்சனைப் போனில் அழைத்தாள். கூட வேலை செய்பவன்.

"காலி ஃபைல்தான். ஆனா மரத்துல 'கதவு'ன்னு ஒண்ணு நிக்குது. அப்படி ஒரு பேரை நான் வைக்கவே இல்ல."

"பழசு ஏதாவது ஒட்டிட்டிருக்கும், மகராசி. பாதியில நிறுத்திப் பாரு. சாப்பிட்டியா இல்லியா? உனக்குப் பசி வந்தா இல்லாததெல்லாம் தெரியும்."

சிரித்துக்கொண்டே நிறுத்தினாள். நிரல் உறைந்தது. இனி அவள் தட்டாமல் ஒரு வரிகூட நகராது.

கதவின் கீழ் இன்னொரு கிளை விரிந்தது. நடை.

வெளிச்சம் இல்லாத நடையில், ஈரத் துணியைத் தரையில் வைத்து வைத்து எடுப்பதுபோல் ஒரு சத்தம் உள்பக்கமாகப் போயிற்று.

"நிரஞ்சன், வளருது."

"நீ நிறுத்தலியா?"

"நின்னுதான் கிடக்கு."

"வீட்ல வேற யாரு இருக்கா?"

உள்ளறை. கட்டில். குழந்தை. ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிளைகள். குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வரி. இன்னதென்று விளங்காத துண்டு வந்தால் பார்சர் போடும் அடையாளம் அது: எதிர்பாராதது.

மடிக்கணினியோடு ஓடினாள். கட்டிலில் மிஹிரா மட்டும், முகத்தில் முடி விழ, சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் யாருமில்லை. ஒற்றைக் கையால் வாரித் தோளில் போட்டாள். நடை. கதவு. முற்றம். மழை.

எதிர்வீட்டுக் கூரையின் கீழ் நின்றுதான் மூச்சு விட்டாள். போன் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. அக்குளில் இடுக்கியிருந்த மடிக்கணினியைத் திண்ணையில் வைத்தாள். பாதி திறந்த திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

மரம் மாறியிருந்தது.

உள்ளறை. கட்டில். குழந்தை. அந்தக் கிளை அப்படியே இருந்தது.

தள்ளி, தனியாக, ஒரு புதுக் கிளை. அம்மா. அதன் கீழ் ஒரே ஒரு சிவப்பு வரி.

பூட்டாத வீட்டுக்குள்ளிருந்து, தூக்கம் கலைந்த குரலில் மிஹிரா அழுதாள். "அம்மா... எங்க போன?"

பிரதிமா அசையவில்லை. அவள் கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகள், மெல்ல, இன்னும் ஒரு சுற்றுச் சுற்றின.