ஏரிக்கரையில் பூசிய சிமெண்டு

மழையில் ஊறிய சிமெண்டு சில்லென்றுதான் இருக்க வேண்டும். வேலமேட்டு ஏரிக்கரையின் அடியில் பூசியிருந்த சிமெண்டு, அன்புச்செல்வியின் உள்ளங்கைக்குக் கீழே காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். விரலில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. துப்பட்டாவில் துடைத்தும் போகவில்லை. முகர்ந்து பார்த்திருக்கக் கூடாது. பல் விளக்காத வாயின் நாற்றம்.

“சீ!”

“இன்னா மேடம்?” என்றார் கோதண்டபாணி, மதகைத் திறந்து மூடும் லஸ்கர். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைச்சரிவில் வழுக்கி வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தார்.

“சூடா இருக்குண்ணே.”

“மழைல ஏது மேடம் சூடு?”

அந்தப் பூச்சைப் பூசச் சொன்னவளே அவள்தானே! பத்து நாளைக்கு முன் இதே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்து கலங்கல் தண்ணீர் கசிந்தது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தால் போதும். கலங்கி வந்தால் கரையின் மண்ணை உள்ளே தண்ணீர் அரித்துத் தின்கிறது என்று அர்த்தம். கரைக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளருக்கு இது அரிச்சுவடி. ஓட்டையைச் சுற்றி மணலும் ஜல்லியும் கொட்டித் தண்ணீரை மட்டும் வடியவிட்டு, கீழே காலனியில் இருக்கும் நாற்பது வீட்டையும் காலி செய்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார். ஓட்டையில் சாக்கைத் திணித்து, மேலே சிமெண்டு பூசச் சொல்லிவிட்டாள். “கசிவு இல்லை” என்று அறிக்கையில் கையெழுத்தும் போட்டாள். அதோடு விட்டாளா? காலனித் தெருவுக்கே போய், “பயப்படாதீங்க, கரை கல்லு மாதிரி இருக்கு” என்று பெண்களிடம் சொல்லி, அவர்கள் வேகவைத்துக் கொடுத்த மல்லாட்டையை வேறு கடலைத்தோல் உரித்து உரித்துத் தின்றுவிட்டுத் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினாள். த்தூ!

மூன்று நாளாக விடாத மழை. ஏரி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மாலை நாலரைக்கே வெளிச்சம் மங்கிவிட்டது.

“பூச்சை எடுத்துடுங்கண்ணே. தண்ணி வெளிய வரட்டும். அடைச்சு வெச்சா கரையே பிச்சிக்கும்.”

“அத்த நான் அன்னிக்கே சொன்னேன் மேடம். நீங்கதான் ஜல்தி பூசு, ஜல்தி பூசுன்னு நின்னீங்க.”

கடப்பாரை முனை பட்டதும் பூச்சு உடையவில்லை. புண்ணின் பொருக்கு போல ஓரம் தூக்கிக்கொண்டு, சளக்கென்று உரிந்து விழுந்தது. தண்ணீர் வரவில்லை. முதலில் ஒரு காற்று வந்தது, நீளமாக, வெதுவெதுப்பாக, அழுகிய கெண்டை மீனும் ஊறிப்போன சாக்கும் யாரோ விழுங்காமல் வாயிலேயே அடக்கி வைத்திருந்த பழைய சோறும் கலந்த நாற்றத்தோடு. அதன் பின்னால் மஞ்சளாய், கெட்டியாய், நூல் நூலாய் இழுபடும் கோழை ஒன்று அவசரமே இல்லாமல் சரிவில் வழிந்து அவள் கால் விரலைத் தொட்டது. குனிந்து வாந்தி எடுத்தாள். வாந்தி விழுந்த இடத்தில் மண் சுருங்கி, அதை உறிஞ்சிக்கொண்டது.

“கருமம், கருமம்! எலி எதனா செத்திருக்கும். இருங்க, சாக்க இழுத்துப்புடறேன்.”

கோதண்டபாணி மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையை உள்ளே விட்டார். மணிக்கட்டு வரை. முழங்கை வரை.

“சாக்கக் காணோம் மேடம்.” அவர் முகம் வெளுத்தது. “இன்னாவோ... நக்குது.”

“கைய எடுங்கண்ணே!”

வரவில்லை. தோள் உள்ளே போனது. அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஓட்டை விரிந்தது. தலை போனது. கத்தல் பாதியில் நின்றது. மெல்லும் சத்தம். பிறகு ஒரு மிடறு. கரையின் சரிவு புல்லோடு சேர்ந்து ஒருமுறை ஏறி இறங்கியது. அவள் கையில் காக்கிச் சட்டையின் கிழிசல் மட்டும் இருந்தது.

வரப்பில் விழுந்து எழுந்து ஓடினாள். காலனியின் மகளிர் குழுத் தலைவி புனிதாவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, எல்லாரையும் வெளிய கிளப்புங்க. கரை தாங்காது.”

“இன்னா மேடம், கல்லு மாதிரி இருக்குதுன்னீங்க?”

“பொய் சொன்னேன்க்கா. பொய்!”

வேலை போகட்டும், ஜெயிலே கிடைக்கட்டும், நாற்பது வீடு பிழைத்தால் போதும் என்றிருந்தது.

“தோ, கெளம்பிட்டோம்,” என்றாள் புனிதா.

ஜனங்கள் வந்தார்கள். இடுப்பில் பிள்ளை, தலையில் மூட்டை, கயிற்றில் ஆடு. யாரும் ஊரை விட்டுப் போகும் கெடார் ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை. அங்கே வெள்ளம் கழுத்தளவு போய்க்கொண்டிருந்தது. கரை தாங்கினாலும் தாங்காவிட்டாலும், வெள்ளம் வந்தால் வேலமேட்டு ஜனம் ஏறுவது ஒரே இடம். சுற்றுவட்டாரத்தில் மேடு அது ஒன்றுதான்.

கரை.

“ஏறாதீங்க! ஐயோ, அங்க ஏறாதீங்க!”

அவள் திரும்பி ஓடி வருவதற்குள் முக்கால்வாசிப் பேர் ஏறிவிட்டார்கள். புனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாணி அண்ணன முழுங்கிடுச்சுக்கா! அந்த ஓட்டை...”

“எங்க மேடம் ஓட்டை?”

காட்டினாள். ஓட்டை இல்லை. கோழை இல்லை. சிமெண்டுச் சில்லு மட்டும் கிடந்தது.

புனிதா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. உங்க வாயில வர்றதுல எத்த நம்பறது? புள்ளைங்களத் தூக்கிக்கினு வெள்ளத்துல நீந்தச் சொல்றீங்களா? பேஜாரு பண்ணாம வந்து குந்துங்க.”

சொல்லிவிட்டு அவளும் மேலே ஏறிப்போனாள். நீலத் தார்ப்பாயைக் கரையின் உச்சியில் நீளமாக விரித்தார்கள். வரிசையாக உட்கார்ந்தார்கள். அன்புச்செல்வி கத்தினாள். மறுபடியும் கத்தினாள்.

தார்ப்பாயின் இரண்டு முனைக்கும் அப்பால் புல் பிரிந்தது. வகிடு எடுத்தது போல. சத்தமே இல்லை. உள்ளே சிவப்பு. ஈரம். பிளவு தார்ப்பாய்க்கு அடியில் போனது. இந்த முனையிலிருந்தும். அந்த முனையிலிருந்தும்.

தார்ப்பாயின் நடு மெதுவாகத் தொய்ந்தது. மழைத் தண்ணீர் அங்கே தேங்கியது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்துக்கொண்டே, ஒவ்வொருவராக, அந்தப் பள்ளத்துக்குள் சறுக்கி விளையாடத் தொடங்கினார்கள்.