பூட்டு ஒன்று, சாவி இரண்டு

ஏழு நாளுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற கடிதத்தை நீட்டி, மூன்று பிரதி வேண்டும் என்றாள் அந்தப் பெண். வீட்டு நல அலுவலகத்துக்கு எதிரே இருந்த அந்த ஜெராக்ஸ் கடையில், எந்தக் காகிதமும் படிக்கப்படாமல் வெளியே போனதில்லை. எல்லோரும் ஜெராக்ஸம்மா என்று அழைக்கும் கடைக்காரி, முதல் பிரதி வருவதற்குள் படித்து முடித்தாள். இரண்டாவது வருவதற்குள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்றாவதை எடுக்காமலே இயந்திரத்தை நிறுத்தினாள்.

“மீட்டர் சார், இதைக் கொஞ்சம் பாருங்க. அநியாயத்துக்கும் ஒரு அளவு வேணாமா?”

கடை வாசலில் மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். முப்பத்தொரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். மனு எழுதுவது அவருக்குப் பிழைப்பு. மனுவில் எழுதாமல் விட்டது என்ன என்று பார்ப்பது பழக்கம். இரண்டாவதில்தான் அவருக்கு ருசி அதிகம்.

அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டுக் கடிதத்தோடு இணைத்திருந்த ஆய்வாளரின் அறிக்கையைப் படித்தார். நாலே வரி. “காலை பதினோரு மணிக்கு நேரில் சென்றபோது வீடு வெளியே பூட்டப்பட்டிருந்தது. உள்ளே எவரும் இல்லை. எதிர்வீட்டில் விசாரித்ததில், பயனாளி மில்லில் வேலை செய்வதாகத் தெரிந்தது. வீடு குடியிருப்புக்குப் பயன்படவில்லை என்பதால் ஒதுக்கீட்டை ரத்து செய்யலாம்.” கீழே ஒரு படம். நீலக் கதவு, அதில் பெரிய பித்தளைப் பூட்டு.

“நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?”

“ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல. காலையில பத்து மணிக்குப் போனா சாயங்காலம் அஞ்சு.”

“வீட்டுல?”

“எங்க வீட்டுக்காரர் இருப்பாரு. கொத்தனார். அஞ்சு வருஷம் முன்னாடி சாரத்துலேருந்து விழுந்து தலையில அடி. அதுலேருந்து வேலைக்குப் போறதில்லை. எங்கயும் போறதில்லை.” அவள் குரல் சற்றே உயர்ந்தது. “அந்த வீடு இருக்கறதாலதான் என் சம்பளத்துல ரெண்டு பேர் சாப்பிடறோம். வெளியில வாடகைக்குப் போனா ஒருத்தர் சாப்பிடலாம். யாருன்னு அவங்களே முடிவு பண்ணட்டும்.”

மீட்டர்க்காரர் படத்தை அவள் பக்கம் திருப்பினார். “இந்தப் பூட்டு உங்களோடதா?”

அவள் படத்தைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தாள். “இல்லை. யாரோ மாட்டிட்டுப் போயிருக்காங்க.”

“வீட்டை ஒரு தடவை பார்க்கலாமா?”

“வாங்க. ஆனா நான் முன்னால போறேன். வீடு போட்டது போட்டபடி கிடக்கு. ஒரு கால் மணி நேரம் கழிச்சு வாங்க.” பையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிட்டாள்.

கால் மணி நேரம் கழித்து இருவரும் அரசுக் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு ஏறினார்கள். ஜெராக்ஸம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் வாய் ஓயவில்லை. கடைக்கு யார் காவல் என்ற கவலை அவளுக்கு இல்லை. துப்பு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மாடியில் இரண்டே கதவுகள், எதிரெதிராக. ஒன்று நீலம். மீட்டர்க்காரர் குனிந்து நாதாங்கியைப் பார்த்தார். அதன் கீழே நீலப் பெயிண்ட் அரை வட்டமாகத் தேய்ந்து மரம் தெரிந்தது. அதை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினார்.

ஒற்றை அறை. எதுவும் போட்டது போட்டபடி கிடக்கவில்லை. துடைத்து வைத்தாற்போல் இருந்தது. ஜன்னலோரம் ஒரு மனிதர், சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு, தலை வாரி உட்கார்ந்திருந்தார். கைக்கு எட்டும் உயரத்தில் தண்ணீர், மூடி போட்ட தட்டு. டீ போட எழுந்த மனைவி, அடுப்பைப் பற்றவைக்கும் முன் முதுகைக் காட்டித் திரும்பி நின்று கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து அடுப்பில் மாட்டினாள். மீட்டர்க்காரர் அடுப்பைப் பார்த்தார். ஒரு திருகு இருந்தது. இன்னொன்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி.

ஜன்னலோர மனிதர் வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். “சங்கு ஊதிருச்சா?”

“இன்னும் இல்லைங்க” என்றார் மீட்டர்க்காரர்.

வெளியே வந்ததும் ஜெராக்ஸம்மா காதோரம் கிசுகிசுத்தாள். “என்ன சங்கு சார்? பாவம், என்னமோ சொல்றாரு.”

“என்னமோன்னு எதையும் தள்ளாதீங்கம்மா” என்றபடி எதிர்க்கதவைத் தட்டினார்.

திறந்தவர் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா, பின்னால் துணிக் குவியல், நடக்க இடமில்லாத அறை. அலுவலகத்திலிருந்து தன்னிடம் யாரும் வந்து விசாரிக்கவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

“மில்லுக்குப் போறாங்கன்னு நீங்கதான் சொன்னதா எழுதியிருக்கு.”

“எந்த மில்? பஸ் நிறுத்தற இடத்துல முன்னாடி ஒரு நூல் மில் இருந்துச்சாம். நான் இங்க வந்தே ரெண்டு வருஷம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடியே இடிச்சுட்டாங்க. அந்தக்கா ஆஸ்பத்திரிக்குல்ல போறாங்க?”

ஜெராக்ஸம்மா முன்னே வந்தாள். “நீங்க ரெண்டு அறை வீடு வேணும்னு மனு போட்டிருக்கீங்கல்ல? நான்தான் பிரதி எடுத்தேன்.”

“கேட்டேன். அதுக்கு?”

“எதிர்வீட்டுக் கதவுல பூட்டு இருந்ததைப் பார்த்தீங்களா?”

தையல்காரர் முகம் மாறியது. “பூட்டைப் பத்தி என்கிட்டக் கேக்காதீங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

படி இறங்கும்போது ஜெராக்ஸம்மா தீர்ப்பே எழுதிவிட்டாள். “ஆள் இவன்தான் சார். வீட்டு ஆசை. பூட்டை மாட்டினது, ஆய்வாளரைக் கூப்பிட்டது எல்லாம் இவன் வேலை.”

“ஒரே ஒரு நாள் மாட்டின பூட்டு பெயிண்டைத் தேய்க்குமா? வருஷக் கணக்கா ஆடி ஆடித் தேய்ஞ்ச கதவும்மா அது. அவர் மறைச்சது தன் குற்றத்தை இல்லை. எதிர்வீட்டு ரகசியத்தை.”

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். மீட்டர்க்காரர் எதிர் நாற்காலியைக் காட்டினார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

“அடுப்புத் திருகு பையில இருக்கா?”

அவள் பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“பூட்டுச் சாவியும் அதே பையிலதானே?”

அவள் எதிரே போன பேருந்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆமா. பூட்டறேன். தினமும் பூட்டறேன். ரெண்டு தடவை தானா இறங்கிப் போயிட்டாரு. ஒரு தடவை லாரி முன்னாடி நின்னாரு. அடுப்பைத் திறந்து விட்டுடுவாரோன்னு திருகையும் கழட்டி எடுத்துட்டுப் போறேன். பகல்ல ஒரு ஆள் வச்சுப் பார்க்க நான் எங்க போவேன்? கட்டின புருஷனை உள்ள வச்சுப் பூட்டிட்டு, அடுத்தவங்க படுக்கை விரிப்பைத் துவைக்கப் போறேன். ஒவ்வொரு நாளும் அந்தப் பூட்டு என் நெஞ்சுலதான் விழுது. வெளியில தெரிஞ்சா கொடுமைக்காரின்னு சொல்லி அவரைக் காப்பகத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அதான் இல்லைன்னு சொன்னேன்.”

ஜெராக்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல்காரரைப் பற்றிப் பேசியதெல்லாம் அவளுக்கு இப்போது கூச்சமாக இருந்தது.

“பூட்டை மறைச்சா இந்த வழக்குல நமக்கு ஒண்ணுமே இல்லை” என்றார் மீட்டர்க்காரர். “ஒத்துக்கிட்டா ஒரு சாட்சி கிடைக்கும். அந்த ஆய்வாளராலயே மறுக்க முடியாத சாட்சி. ஆனா முடிவு உங்களோடது. பயம் உங்களுக்குத்தான், எனக்கில்லை.”

அவள் பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். “எத்தனை நாள்தான் பயப்படறது? எழுதுங்க. பெரிய எழுத்துல எழுதுங்க.”

மேல்முறையீட்டு விசாரணை ஐந்தாம் நாள் காலை. நீளமான மேசை. நடுவில் மேலதிகாரி, மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாள். ஒரு பக்கம் ஆய்வாளர், மடிப்புக் கலையாத சட்டை. இந்தப் பக்கம் மீட்டர்க்காரர், ஜெராக்ஸம்மா, கூப்பிடாமலே வந்து நின்ற தையல்காரர். மீட்டர்க்காரர் கேட்டுக்கொண்டபடி அந்தப் பெண் வெளியே வராந்தாவில் நின்றாள். அவள் கணவர் மட்டும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“பூட்டு இருந்தது உண்மை” என்று ஆரம்பித்தார் மீட்டர்க்காரர். ஆய்வாளர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “அது அந்தம்மா பூட்டுதான். ஆனா உள்ளே எவரும் இல்லைன்னு எழுதினது பொய். அது பொய்னு ஆய்வாளருக்கே தெரியும்.”

“பூட்டின வீட்டுக்குள்ள ஆள் இருக்குன்னு நான் எப்படிங்க மேடம் கண்டுபிடிக்கிறது?” என்றார் ஆய்வாளர்.

“அதையும் உங்க அறிக்கையே சொல்லுது. பயனாளி மில்லுல வேலை செய்யறாங்கன்னு எழுதியிருக்கீங்க. யார் சொன்னது?”

“எதிர்வீட்டுல.”

“எதிர்வீட்டுக்காரர் இதோ நிக்கறார். ரெண்டு வருஷமா அங்க இருக்கார். அவர் வர்றதுக்கு முன்னாடியே மில்லை இடிச்சாச்சு. விண்ணப்பத்தைப் பார்த்து எழுதினீங்களா?”

“விண்ணப்பத்துல சலவைக்கூடம்னுதான் இருக்கு” என்று குறுக்கே வந்தாள் ஜெராக்ஸம்மா. “வீடு கேட்டதே மில்லை மூடின பிறகுதான். பிரதி என்கிட்ட இருக்கு.”

“மில்லு மூடற வரைக்கும் அந்தம்மா அங்கதான் வேலை செஞ்சாங்க. அப்போ இன்னிக்கும் அவங்க மில்லுக்குப் போறாங்கன்னு சொல்லக்கூடிய ஆள் இந்த ஊர்ல யாரு?” மீட்டர்க்காரர் குரல் உயரவில்லை. “மேடம், நீங்களே கேளுங்க. உங்க சம்சாரம் எங்கன்னு அவர்கிட்டக் கேளுங்க.”

மேலதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பினார். “ஐயா, வீட்டுல அம்மா எங்க?”

அந்த மனிதர் மரியாதையாக எழுந்து நின்றார். “மில்லுக்குப் போயிருக்கா. சங்கு ஊதினா வந்துருவா. அவ வந்தாத்தான் கதவு திறக்கும். அப்புறமா வர்றீங்களா?”

ஆய்வாளர் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதே வார்த்தைதான் அன்னிக்கும் கேட்டிருப்பீங்க” என்றார் மீட்டர்க்காரர். “கதவைத் தட்டினீங்க. உள்ளேருந்து குரல் வந்தது. பூட்டின வீட்டுக்குள்ள ஆள்னா திரும்ப வரணும், விசாரிக்கணும், பக்கம் பக்கமா எழுதணும். பூட்டியிருந்ததுன்னா ஒரு வரி. எனக்குத் தெரியும் தம்பி. மூணு மாடி ஏறச் சோம்பப்பட்டு நானும் ‘கதவு பூட்டு’ன்னு எழுதியிருக்கேன். ஆனா நான் எழுதினதால எவனும் தெருவுக்கு வரலை.”

“இந்த மாசம் நாற்பது வீடு முடிக்கணும்னு சொன்னாங்க மேடம்” என்றார் ஆய்வாளர்.

மேலதிகாரி வராந்தாவைப் பார்த்துக் கையசைத்தார். அந்தப் பெண் உள்ளே வந்தாள். அவளைக் கண்டதும் கணவர் முகம் மலர்ந்தது.

“என்ன, இன்னிக்கு மில்லு சீக்கிரம் விட்டுட்டாங்களா?”

“ஆமாங்க, விட்டுட்டாங்க” என்று அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

மேலதிகாரி ரத்து ஆணையின் மேல் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “வீடு உங்களுக்குத்தான். ஆனா ஒரு மனுஷனை உள்ள வச்சுப் பூட்டறதை நான் அனுமதிக்க முடியாதும்மா. தீ கீ பிடிச்சா?”

“எனக்கும் அந்தப் பயம்தாங்க. தினமும்.” அவள் பையிலிருந்து பித்தளைப் பூட்டை எடுத்து மேசை மேல் வைத்தாள். மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்தில் சாவிகளையும் வைத்தாள். “இனிமே பூட்டலை. பகல்ல பார்த்துக்க ஒரு ஆள் குடுங்க. அப்படி ஒரு உதவி இருக்குன்னு உங்க சுவத்துலயே ஒட்டியிருக்கு. மூணு தடவை கேட்டேன், படிவம் தீர்ந்துபோச்சுன்னு அனுப்பிட்டாங்க.”

“அதுக்கு நாளாகும்மா.”

“ஆகட்டும். ஆள் வர்ற வரைக்கும் இவர் இங்கதான் இருப்பாரு, உங்க பெஞ்சுல. காலையில கொண்டுவந்து விட்டுட்டு, சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன். இங்க உங்களைத் தாண்டி லாரி வராது.”

மீட்டர்க்காரர் ஏற்கனவே எழுதி வைத்திருந்த மனுவை நீட்டினார். பகல்நேர உதவியாளர் கோரி ஒரு பக்கம். அடியில் தெளிவான எழுத்தில்: ‘இணைப்பு: பூட்டு ஒன்று, சாவி இரண்டு.’

“இதையெல்லாம் எப்படிங்க இணைப்பா வாங்கறது?” என்று கேட்டார் ஆய்வாளர்.

“பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டுத்தான்” என்றாள் ஜெராக்ஸம்மா. “பிரதி நான் எடுத்துத் தரேன், சும்மா.”

சொன்னபடியே மறுநாள் காலை, தலை வாரி, கழுத்துவரை பொத்தான் போட்டு, அந்த மனிதர் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாட்டைத் தையல்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கோப்போடு கடந்துபோன எல்லோரிடமும் பெஞ்சிலிருந்தவர் ஒரே கேள்வியைக் கேட்டார். முதல் நாள் ஊழியர்கள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம், உதவியாளர் நியமன ஆணையை ஆய்வாளரே தட்டச்சு செய்து, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி எடுத்து வந்தார். பெஞ்சைக் கடக்கும்போது அந்த மனிதர் தலை நிமிர்த்தினார்.

“சங்கு ஊதிருச்சா தம்பி?”

ஆய்வாளர் நின்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கையிலிருந்த ஆணையைப் பார்த்தார்.

“ஊதிருச்சுங்க” என்றார்.