பிரிக்காத தட்டு

போன் அடித்துக்கொண்டே இருந்தது...

மூதாட்டி எல்வி ரன்டாலா எடுக்கவில்லை.

டொரொன்டோ பங்குச்சந்தை திறந்ததும் தினமும் அந்த போன் அடிக்கும். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். இந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் அடித்து, ஓய்ந்து, மறுபடியும் அடித்தது.

அழைத்தவர் வைனோ ஹாபலா. ஓய்வுபெற்ற ரயில்வே மெக்கானிக், எல்வியின் நெடுநாள் நண்பர். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. தன்னிடமிருந்த மாற்றுச் சாவியோடு ஓடி வந்தார்.

பேஸ்மென்ட் படிக்கட்டின் அடியில் எல்வி கிடந்தார்.

கழுத்து திரும்பியிருந்தது. சுற்றிலும் சிவப்பு. சுவரில்... படியில்... கம்பளிச் சட்டையில்...

கனடாவின் தண்டர் பே நகரப் போலீஸ் சார்ஜண்ட் நோரீன் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"ரத்தம் இல்ல. கிரான்பெர்ரி. வான்கோழிக்குத் தொட்டுக்கற பழக்கூழ்."

கண்ணாடி ஜாடி ஒன்று சுக்குநூறாகிக் கிடந்தது.

தவறி விழுந்திருப்பார் என்றான் கான்ஸ்டபிள் டேரிக். நோரீன் எல்வியின் வலது கையைக் காட்டினாள். இரண்டு விரல்கள் ஒடிந்திருந்தன.

"படிக்கட்டுக் கம்பியைக் கெட்டியாப் பிடிச்சிருக்காங்க. யாரோ விரலைப் பிரிச்சு விட்டிருக்காங்க, டேரிக். விழுறவங்க தானா விரலை ஒடிச்சுக்க மாட்டாங்க."

நேற்று மதியத்துக்கு முன்பே உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர்.

மேலே சமையலறையில் பாதி அறுத்த வான்கோழி. நீலக்கரை போட்ட தட்டுகள் வரிசையாய் அடுக்கியிருந்தன. நடுவில் ஓர் இடம் மட்டும் காலி.

வைனோ கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். நன்றி சொல்லும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங்கின் வான்கோழி விருந்தை எல்வி ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடுவார். திங்கட்கிழமை காலையில், தெருவில் தனியாகச் சாப்பிடுகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒரு தட்டு போகும். எல்லாரும் உணவைத் தங்கள் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டு, தட்டை அப்போதே கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

"ஒருத்தர் மட்டும் கொடுக்கல" என்றாள் நோரீன்.

*

அன்று மாலை, லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளம்.

சனிக்கிழமைதோறும் இங்கே ஒரு கூட்டம் நடக்கும். என்ன பங்கு வாங்கலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்று கேட்க வருகிற கூட்டம். பேருந்து ஓட்டியவர்கள், பள்ளியில் சமைத்தவர்கள், காகித ஆலையில் முதுகு ஒடிந்தவர்கள். ஆயுள் முழுக்கச் சேர்த்ததை எங்கே வைப்பது என்று தெரியாதவர்கள்.

சொல்லிக்கொடுக்கிறவன் கிளேட்டன் பர்டி.

டொரொன்டோவிலிருந்து வந்து எல்வியின் பக்கத்து வீட்டில் குடியேறியவன். கைக்காகக் கடிகாரம் இல்லை, விலையுயர்ந்த கடிகாரத்தைக் காட்டத்தான் கை! தெருவில் ஒருவருக்கும் வணக்கம் சொன்னதில்லை. வீட்டுச் சன்னல்களில் எப்போதும் திரை. மாதச் சந்தா கட்டினால் ரகசியம் சொல்வான். சமீபத்திய ரகசியம், டொரொன்டோ சந்தையில் மட்டும் விற்கும் மூஸ்டூத் என்ற தங்கச் சுரங்கக் கம்பெனி. தங்கம் இன்னும் கிடைக்கவில்லை. நம்பிக்கை மட்டும் தாராளமாய்க் கிடைத்தது.

எல்வி மட்டும் மசியவில்லை. பழைய வங்கி, பழைய ரயில், பழைய மின்சாரக் கம்பெனி. வாங்கினால் வாங்கியதுதான், விலை இறங்கினாலும் விற்க மாட்டார். அதற்குக் கம்பளிச் சாக்ஸ் பங்கு என்று பெயர் வைத்திருந்தான் கிளேட்டன். கூட்டமும் அவனோடு சேர்ந்து சிரிக்கும். பேராசை பிடித்தவனுக்குப் பொறுமைசாலியைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். கடவுள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்று நோரீன் விசாரிக்கக் கூப்பிட்டு வந்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

பள்ளிச் சமையற்காரி மர்லீன் எல்லாருக்கும் காபி ஊற்றினாள். அவள் தன் சேமிப்பு முழுவதையும் மூஸ்டூத்தில் போட்டவள்.

நோரீன் ஒவ்வொருவராக விசாரித்து வந்தாள். நேற்றுக் காலை வைனோ தொலைவில் கெனோரா ஊரில் மகள் வீட்டில் இருந்தார். மர்லீன் தங்கை வீட்டில் பாத்திரம் கழுவினாள். கடைசியில் கிளேட்டனிடம் வந்தாள்.

"எல்வியைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"சனிக்கிழமை. இதே இடத்துல."

"நேத்துக் காலைல?"

கிளேட்டன் கொட்டாவி விட்டான்.

"மேடம், இவங்கள மாதிரி நான் சும்மா உக்காந்து ரொட்டி சாப்பிடற ஆள் இல்ல. எனக்கு வேலை இருக்கு. மார்க்கெட் திறந்ததுலேருந்து மூடற வரைக்கும் ஸ்கிரீன் முன்னாடிதான் இருந்தேன்."

"என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

அவன் மர்லீனைப் பார்த்தான். வைனோவைப் பார்த்தான். குரலைச் சற்று உயர்த்தினான். ஆட்டுக்குத் தழை காட்டுகிற குரல்.

"மூஸ்டூத் வாங்கிட்டு இருந்தேன். நேத்து மட்டும் மூணு தடவை வாங்கினேன். நான் வாங்காத எதையும் இவங்கள வாங்கச் சொன்னதே கிடையாது. கேட்டுப் பாருங்க."

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

மர்லீன் காபிக் கெண்டியைக் கீழே வைத்தாள்.

கிளேட்டன் சுற்றிலும் பார்த்தான். "என்ன? ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க?"

வைனோதான் சொன்னார். மெதுவாக.

"நேத்து தேங்க்ஸ்கிவிங், கிளேட்டன் சார். டொரொன்டோ மார்க்கெட்டுக்கு லீவு. நேத்து ஒரு பங்கு கூட யாரும் வாங்கியிருக்க முடியாது."



நாடே வான்கோழி தின்ற நாளை அவன் மறந்துவிட்டான். அழைக்க ஆளில்லை. நன்றி சொல்லும் பழக்கமும் இல்லை.

"அப்ப மார்க்கெட் திறந்ததுன்னு எதை வெச்சுச் சொன்னீங்க?" நோரீன் கேட்டாள். "கொலை நடந்த நேரத்துல எங்க இருந்தீங்கன்னு பொய் சொல்லியிருக்கீங்க, மிஸ்டர் பர்டி. ஏன்?"

கிளேட்டன் மனதுக்குள் கணக்குப் போட்டான். ஒரு பக்கம் கைவிலங்கு. மறுபக்கம் மர்லீனின் கண்கள். மர்லீன் என்ன, வெறும் சமையற்காரி... கழுத்தை முதலில் காப்பாற்றிக்கொள்வோம்!

"நியூயார்க்! நியூயார்க் மார்க்கெட்டுக்கு நேத்து லீவு இல்ல. அங்கதான் வாங்கி வித்துட்டு இருந்தேன். என் கணக்கு முழுக்க அமெரிக்கப் பங்குதான். போய்ப் பாருங்க, லேப்டாப் திறந்தேதான் கிடக்கு."

"மூஸ்டூத்?" மர்லீன் கேட்டாள்.

"அதைப் போய் எவனாவது வாங்குவானா? புகழ்ந்து பேசறதுக்கு அந்தக் கம்பெனிக்காரன் எனக்குச் சம்பளம் கொடுக்கறான். ஒரு கனடாப் பங்கு கூட என்கிட்ட இல்ல. போதுமா?"

நோரீன் அவன் வீட்டுச் சாவிக்காகக் கை நீட்டினாள். "நீங்களே பாக்கச் சொன்னீங்க. சந்தோஷம்."

டேரிக் போனான். காத்திருந்தார்கள். கூட்டத்தில் ஒருவரும் கிளேட்டனைத் திட்டவில்லை. நாற்காலிகளை மட்டும் அவனிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

டேரிக் திரும்பி வந்தான். நியூயார்க் கணக்கு உண்மைதான் என்றான். காலை முழுக்க வாங்கியிருக்கிறான், விற்றிருக்கிறான். ஆனால் நடுவில், மதியத்துக்கு முன்னால், நீண்ட நேரம் ஒன்றுமே நடக்கவில்லை.

"அப்புறம் இது ஃப்ரிட்ஜுல இருந்துச்சு, மேடம்."

உறையிலிட்ட ஒரு தட்டு. நீலக்கரை. மேலே இறுக்கி மூடிய ஃபாயில். ஓர் ஓரம் கூடப் பிரியவில்லை.

நோரீன் கையுறை போட்டுக்கொண்டு பிரித்தாள்.

வான்கோழி. உருளைக்கிழங்கு. பூசணிப் பை என்கிற இனிப்பு அப்பம் ஒரு துண்டு. கிரான்பெர்ரி மட்டும் இல்லை.

"தட்டைக் கொடுத்ததும் கிரான்பெர்ரி வைக்க மறந்தது ஞாபகம் வந்திருக்கு" என்றாள். "உங்களுக்கு எடுத்துட்டு வரத்தான் பேஸ்மென்ட்டுக்கு இறங்கியிருக்காங்க. நீங்க பின்னாடியே போயிருக்கீங்க. சனிக்கிழமைக்கு அப்புறம் பாக்கவே இல்லன்னு சொன்னீங்க... ஞாயித்துக்கிழமை சுட்ட பூசணிப் பை உங்க வீட்டுக்குத் தானா நடந்து வந்துச்சா?"

கிளேட்டன் நாற்காலியில் சரிந்தான். பிறகு, இத்தனை நாள் மறைத்திருந்த வெறுப்பெல்லாம் வாய்வழியே வந்தது.

"தினமும் ஏதாவது ஒரு தட்டைத் தூக்கிட்டு வந்துடும் அந்தக் கிழம். பிச்சைக்காரனுக்குப் போடற மாதிரி. நேத்து உள்ளயே வந்துடுச்சு. என் கணக்கு முழுக்க ஸ்கிரீன்ல திறந்திருந்துச்சு. குனிஞ்சு... மூக்கு ஒட்டற மாதிரி குனிஞ்சு... எவ்வளவு நேரம் பாத்துச்சு தெரியுமா? அப்புறம் என்னைப் பாத்து ஒரு சிரிப்பு. 'இதோ வரேன்'னுட்டு ஓடுச்சு. இவங்ககிட்டச் சொல்லத்தான் ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா? எல்லாம் படிச்சிடுச்சு!"

வைனோ எழுந்தார்.

"நான் தினமும் காலைல ஏன் போன் பண்ணுவேன் தெரியுமா?"

வைனோ அவன் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றார்.

"விலையெல்லாம் நான்தான் அவளுக்குப் படிச்சுச் சொல்வேன். ரெண்டு கண்ணுலயும் புரை. எழுத்துன்னா எறும்பா, எழுத்தான்னு கூடத் தெரியாது அவளுக்கு. ஆபரேஷனுக்குக் காத்துட்டு இருந்தா. ஸ்கூல் பஸ் ஓட்டினவ, கண்ணு போச்சுன்னு வெளிய சொல்ல வெக்கப்பட்டா. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது."

அவர் குரல் உடைந்தது. அதுவரை இருந்த மரியாதையும் உடைந்தது.

"உன் ஸ்கிரீனை அவ படிக்கலடா. தட்டு வைக்க மேசையில இடம் தேடியிருக்கா."



டேரிக் விலங்கை மாட்டினான். வெளியே கூட்டிப் போகும்போது கிளேட்டன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

*

மறுநாள் காவல் நிலையத்துக்கு மர்லீன் வந்தாள். கையில் ஃபாயில் சுற்றிய தட்டு. எல்வி இருந்தால் கொடுத்திருப்பார், அதனால்தான் என்றாள். சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

நோரீன் அதைக் கம்பிக்கடியில் உள்ளே தள்ளினாள்.

கிளேட்டன் தட்டை ஏற இறங்கப் பார்த்தான். உதடு சுளித்தது.

"எனக்கு வேணாம். என்ன எழவோ."

"பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க, மிஸ்டர் பர்டி" என்றாள் நோரீன். "போன தடவை பிரிச்சு வான்கோழியைப் பாத்திருந்தா, பண்டிகை லீவு ஞாபகம் வந்து பொய்யாவது ஒழுங்காச் சொல்லியிருப்பீங்க!"