முப்பத்தேழரை டிகிரி

பெட்டியின் கதவைத் திறந்ததும் தவமலரின் முகத்தில் வெதுவெதுப்பான காற்று வந்து மோதியது.

அவள் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். தகரத் தட்டுகள் சூடாக இருந்தன. சோறு வடித்து இறக்கிவைத்துக் கொஞ்ச நேரமான பானையைத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. கோலா தெர்லாவிலிருந்து எஸ்டேட் வரைக்கும் ஒன்றரை மணி நேரம், பிக்கப்பின் பின்னால், தார்ப்பாயையும் மீறி நனைக்கிற மழையில் வந்த பெட்டி அது. கரண்டைப் பார்த்து ஒரு வருஷமாவது இருக்கும் என்று விற்ற ஷரீஃபாவே சொல்லியிருந்தாள்.

"தம்பி, இதக் கொஞ்சம் தொட்டுப் பாரேன்."

பிக்கப் ஓட்டி வந்த யோகேந்திரன் பக்கத்து வீட்டுக்காரன். தொட்டுப் பார்த்தான். "வெயில்ல நின்னிருக்கும்க்கா," என்றான். அன்றைக்கு மலையில் வெயிலே அடிக்கவில்லை. கையைப் பேண்டில் துடைத்து, மோந்து பார்த்து, மறுபடியும் துடைத்தான். பெட்டியைப் படுக்கையறையில் இறக்கிவைத்ததும், போட்டுவைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி மாதிரி இருந்தது முட்டை பொரிக்கிற அந்த இன்குபேட்டர். முன்னால் கண்ணாடி பதித்த கதவு. உள்ளே நாலு அடுக்குத் தட்டுகள், முதுகில் காற்றாடி, அடியில் தண்ணீர் ஊற்ற ஒரு தொட்டி. இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை தட்டுகள் தானாகச் சாய்ந்து முட்டைகளைப் புரட்டிவிடும். மலைக் குளிரில் கோழிகள் ஒழுங்காக அடை உட்காருவதில்லை; நாட்டுக்கோழிக் குஞ்சு கேட்டு ரிங்லெட்டிலிருந்து ஆட்கள் அலைகிறார்கள். குஞ்சு பொரித்து விற்க ஆரம்பித்துவிட்டால் டீ பேக்டரி வேலையை விட்டுவிடலாம், பகல் முழுக்கக் காளியண்ணனைத் தனியாகப் போட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை என்பதுதான் அவளுடைய கணக்கு.

காளியண்ணன் அவள் புருஷன். எட்டு மாசத்துக்கு முன்னால் கொழுந்து லோரி சரிவில் உருண்டதில் அவனுக்கு முதுகெலும்பு போனது. நெஞ்சுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. ஆனால் குளிர் மட்டும் எங்கிருந்தோ அவனைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. மூன்று கம்பளிக்கு அடியிலும் பல் கிட்டித்துக் கிடப்பான். வீட்டில் நல்ல பிளக் இருப்பது படுக்கையறையில்தான் என்பதால், பெட்டி அவன் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"நல்ல சாமானா மலரு?" என்று கேட்டான்.

"கழுவிட்டுச் சொல்றேன்."

தட்டுகளின் ஓரமெல்லாம் உடைந்த முட்டை வழிந்து, காய்ந்து, தேன் நிறத்தில் கோந்தாய் இறுகியிருந்தது. சுடுதண்ணி பட்டதும் அது இளகி, வயிறு கெட்டவன் வாயிலிருந்து வருமே, அந்த நாற்றம் அடித்தது. காற்றாடியின் மூடியைக் கழற்றினாள். மஞ்சள் தூவியும் செத்த ஈக்களின் கூடுகளும் சேர்ந்து பஞ்சு மெத்தையாய்த் திரண்டு, ஈரத்தோடு பொதக்கென்று அவள் மடியில் விழுந்தன. அடித்தட்டில், முட்டை ஓட்டை விட்டுப் பாதி வெளியே வந்து செத்த ஒரு குஞ்சு, கழுத்தை நீட்டியபடி தகரத்தோடு தகரமாய் ஒட்டிக்கிடந்தது. கத்தியால் சுரண்டி எடுத்தாள். காய்ந்த தோல் என்று நினைத்ததற்கு அடியில் இன்னும் பிசுபிசுப்பு இருந்தது.

இரண்டு போத்தல் பிளீச் தீர்ந்தது. அன்றைக்கு அவளால் சாப்பிட முடியவில்லை. சோற்றைப் பிசையப் பிசைய விரல் இடுக்கிலிருந்து அந்த வாடை கிளம்பி வந்தது.

மறுநாள் பிளக்கைப் போட்டாள். சூடேற மூன்று மணி நேரம் பிடிக்கும் என்று போனில் பார்த்த வீடியோவில் சொல்லியிருந்தார்கள். சுவிட்சைத் தட்டிய கணமே சிவப்பு எழுத்தில் எண் வந்து நின்றது. முப்பத்தேழரை. முட்டைக்கு வேண்டிய அதே சூடு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"இந்தப் பக்கம் கொஞ்சம் நவுத்தேன்," என்றான் காளியண்ணன். "இதமா இருக்கு."

அவள் பெட்டியைக் கட்டிலோடு ஒட்டி நகர்த்தினாள். எட்டு மாசத்தில் முதல்முறையாக அவன் கம்பளியில்லாமல் தூங்கினான். முட்டைக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது வாங்கினது நல்லதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

எண்பத்தெட்டு முட்டைகளை அடைக்கு வைத்தாள்.

ஏழாம் நாள் ஜன்னலில் கம்பளியை மாட்டி அறையை இருட்டாக்கி, ஒவ்வொரு முட்டையாக டார்ச் அடித்துப் பார்த்தாள். கரு பிடித்த முட்டைக்குள் சிவப்பு நரம்புகள் சிலந்தி மாதிரி நாலாபக்கமும் ஓடும் என்று அவளுக்குத் தெரியும். இவற்றில் நரம்பு இருந்தது. ஆனால் எல்லாம் ஒரே பக்கமாய், ஓட்டின் ஒரு ஓரத்தில் போய் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது, வேர் தண்ணீரைத் தேடிப்போகிற மாதிரி. எண்பத்தெட்டிலும் கட்டில் பக்கம்.

தட்டுகளைத் திருப்பி வைத்தாள். மறுநாள் டார்ச் அடித்தாள். கட்டில் பக்கம்.

அன்றைக்குத்தான் ஒரு கூமுட்டை அவள் கையிலேயே வெடித்தது. பச்சையும் பழுப்புமாய்க் கூழ், கன்னத்திலும் உதட்டிலும் தெறித்தது. கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது காளியண்ணன் தலையைத் தூக்கி, மூக்கை விரித்து, அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. பாவம், அது ஒண்ணு போச்சு."

பத்தாம் நாள் காலையில், அவள் வேலைக்குக் கிளம்புகிறபோது அவன் சிரித்த முகமாய்ச் சொன்னான். "நீ போனதும் பேச ஆரம்பிச்சிருதுங்க மலரு. பொழுது போறதே தெரியல."

"பத்து நாள் முட்டைக்கு ஏதுங்க வாயி?"

அவன் சொல்லிக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதுபோலப் பெட்டியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

அடுத்த வாரம் முட்டைகள் குறைய ஆரம்பித்தன. எண்பத்தேழு இருந்த இடத்தில் எண்பத்துமூன்று. பிறகு எழுபத்தாறு. எலி என்றால் ஓடாவது கிடக்கும். பாம்பு என்றால் கதவு திறந்திருக்கும். இரண்டும் இல்லை. எலிப்பொறி வைத்தாள். அதில் எதுவும் விழவில்லை. தட்டில் முட்டை இருந்த குழிகளில் மட்டும், பாலாடை மாதிரி ஒரு மெல்லிய ஈரத்தோல் படிந்திருந்தது. விரலால் எடுத்தால் நூலாக நீண்டது.

அதே வாரம் அவன் உடம்பு துடைக்க விடமாட்டேன் என்றான். தினமும் சாயங்காலம் சுடுதண்ணியில் துணி நனைத்துக் கழுத்திலிருந்து கால்வரை அவள்தான் துடைத்துவிடுவாள். இப்போது கம்பளியை இரண்டு கையாலும் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"நானே தொடச்சிக்கிட்டேன் லா. நீ போ."

அவன் பேசும்போது வாயிலிருந்து கூமுட்டை வாடை வந்தது. முகம் சப்பிப்போய், கம்பளிக்கு அடியில் வயிறு மட்டும் மேடு கட்டியிருந்தது. படுத்தே கிடப்பவர்களுக்கு வயிறு கட்டிக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் கம்பளியின் மேல் கை வைத்தாள். அவன் கையைத் தட்டிவிட்டான். கோபத்தில் தட்டியதல்ல. பிள்ளைத்தாச்சி தன் வயிற்றை மறைத்துக்கொள்கிற மாதிரி, பதறித் தட்டினான்.

"வியாழக்கிழமை தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போறோம். டாக்டர் பார்க்கட்டும்."

"வியாழக்கிழமையா?" அவன் உதடுகளை அசைத்து எதையோ எண்ணினான். "சரி. அதுக்குள்ள ஆயிரும்."

என்ன ஆகிவிடும் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றைக்கு முன்னறையில் பாயை விரித்துப் படுத்தாள். படுக்கையறை நாற்றத்தில் தூங்க முடியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை மழை பிடித்தது. ரிங்லெட்டுக்குப் போகும் பாதையில் மண் சரிந்து, கம்பம் சாய்ந்து, பதினொரு மணிக்கே எஸ்டேட் முழுக்கக் கரண்ட் போனது. பேக்டரி மெஷின்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தபோது அவளுக்கு முதலில் முட்டைகளின் ஞாபகம்தான் வந்தது. அப்புறம்தான் புருஷனின் ஞாபகம். அது அவளுக்கே கூச்சமாக இருந்தது. கணக்கு எழுதுகிற கிராணியிடம் சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள்.

மூடுபனி தேயிலைச் சரிவிலிருந்து இறங்கி லயத்து வீடுகளின் வாசல்வரை வந்து நின்றது. பகல் பன்னிரண்டு மணிக்கு எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. யோகேந்திரன் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. எங்கேயும் ஒரு ரேடியோ சத்தம்கூட இல்லை. ஈர மண், அழுகின முட்டைக்கோஸ், புகை என்று எப்போதும் வருகிற வாசனைகளைத் தாண்டி, தன் வீட்டுப் படியில் கால் வைக்கும்போதே அந்த இன்னொரு வாடை அவள் தொண்டையில் வந்து ஒட்டிக்கொண்டது.

கதவைத் தள்ளினாள்.

வீடு சூடாக இருந்தது.

கரண்ட் இல்லை. அடுப்பு எரியவில்லை. ஆனால் முன்னறைச் சுவரெல்லாம் வேர்த்து வழிந்தது. நாள்காட்டித் தாள்கள் ஈரத்தில் சுருண்டு தொங்கின.

"ஏங்க?"

படுக்கையறையிலிருந்து ஒரு சத்தம். கீச் என்று, மெல்ல. பொரிக்கப்போகிற குஞ்சு ஓட்டுக்குள்ளிருந்து கத்துகிற சத்தம். அப்பாடா, பிழைத்துவிட்டன என்று ஒரு கணம் அவள் சந்தோஷப்பட்டுக்கூட விட்டாள்.

பெட்டியின் கதவு திறந்து கிடந்தது.

தட்டுகள் காலி. நாலு அடுக்கும் காலி. ஒரு முட்டை இல்லை.

கீச்.

சத்தம் கட்டிலில் இருந்து வந்தது.

காளியண்ணன் மல்லாந்து படுத்திருந்தான். கம்பளி கழுத்துவரை இழுத்துப் போர்த்தி, ஓரங்களைத் தனக்கு அடியில் செருகியிருந்தான். முகம் வேர்வையில் பளபளத்தது. கண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தன.

"கதவச் சாத்து," என்று கிசுகிசுத்தான். "குளிர் காத்து பட்டா அதுங்க தாங்காது."

"முட்டையெல்லாம் எங்க?"

"சத்தமாப் பேசாத. பயந்துக்கும்."

கம்பளி அசைந்தது. அவன் கைகள் இரண்டும் வெளியே, தலைக்கு மேலே இருந்தன. கால்கள் எட்டு மாசமாய் அசைந்ததில்லை. கம்பளி அசைந்தது.

அவளுக்குத் திரும்பி ஓடத்தான் தோன்றியது. ஆனால் பதினேழு வருஷம் அவனோடு வாழ்ந்தவள். அவன் மலம் அள்ளியவள். புண்ணுக்கு மருந்து போட்டவள். கம்பளியின் நுனியைப் பிடித்தாள். அது உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தாள். பிளாஸ்திரி உரிகிற சத்தம். பாலாடை நூல்கள் கம்பளிக்கும் அவனுக்கும் நடுவே நீண்டு, மெலிந்து, அறுந்தன.

முட்டைகள் அவன் மேல் இல்லை.

அவன் வயிறு வெள்ளையாய் இருந்தது. சுண்ணாம்பு வெள்ளை. தோல் முழுக்க நுண்ணிய துளைகள். தோலுக்கு அடியில், விலா எலும்பிலிருந்து இடுப்புவரை, வரிசை வரிசையாய் உருண்டைகள். நெருக்கமாய். ஒழுங்காய். தட்டில் அடுக்கினது போல. எங்கும் ஒரு வெட்டு இல்லை. ஒரு தையல் இல்லை. அவை எப்படி உள்ளே போயின என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை.

ஒவ்வொன்றும் துடித்தது. எல்லாம் ஒன்றாய்.

"வலிக்கலையா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எனக்கு அங்க ஒண்ணும் தெரியாதே மலரு." அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவ்வளவு பலம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? "நீதான் தொட்டுப் பார்த்துச் சொல்லணும். இந்தா. இங்க."

அவள் கையைத் தொப்புளுக்கு மேலே வைத்து அழுத்தினான்.

வெதுவெதுப்பு. சொரசொரப்பு. அடியில் ஒரு தட்டல்.

இன்னொரு தட்டல்.

தோல் மெல்ல விரிசல் விட்டது. ரத்தம் வரவில்லை. ஒரு பொட்டுகூட. உலர்ந்த சில்லு ஒன்று பெயர்ந்து அவள் விரல்களுக்கு இடையே விழுந்தது. துளைக்குள்ளிருந்து அழுகின சூடான காற்று வெளியே வந்தது. அவள் முகத்தைத் திருப்பாமல் பார்த்தாள். அலகு வரும் என்றுதான் பார்த்தாள்.

அலகு இல்லை.

ஒரு விரல். நெல்மணி அளவு, இளஞ்சிவப்பாய், நகத்தோடு. துளையின் விளிம்பைத் தடவிப் பார்த்தது. மடங்கியது. சுரண்டியது. இன்னொரு சில்லு பெயர்ந்தது. பக்கத்து உருண்டையிலும் விரிசல். அதற்கும் பக்கத்தில். வரிசை வரிசையாய், காளியண்ணனின் வயிறு முழுக்க, சின்னச் சின்ன நகங்கள் சுரண்டுகிற சத்தம். அவன் கண்ணை மூடி, வாயைப் பிளந்து, அவற்றுக்குப் பதில் சொல்கிற மாதிரி கீச் கீச்சென்று கத்தினான்.

முதலில் வந்த விரல் அவள் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. விடவில்லை.