எலும்புக் கப்பலின் கயிறுகள்

கொத்தமங்கலத்தில் வீரபாண்டியன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை பத்து மணி. பழைய பாய்மரப் போர்க்கப்பல்களை மாதிரியாகச் செய்வது மதுரையில் அவனுக்குத் தொழில். சாலா ஆச்சியின் வீட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த முழ நீளக் கப்பலுக்கு அறுந்த கயிறுகளை மாற்றிக் கட்ட வேண்டும்.

மாமனார் பினாங்கிலிருந்து கொண்டுவந்த தந்தக் கப்பல் என்றார் ஆச்சி. அவன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். தந்தம் இல்லை, எலும்பு. அந்தக் காலத்துப் போர்க்கைதிகள் சிறைச் சாப்பாட்டில் மிஞ்சிய எலும்பைச் செதுக்கி இப்படிச் செய்வார்கள். கயிற்றுக்குத் தங்கள் தலைமுடியையே திரிப்பார்கள். ஒரு சைவ வீட்டில் இதை எப்படிச் சொல்வது? பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு இடுக்கியை எடுத்தான்.

அன்று முன்பாய்மரத்தின் பழைய முடிக்கயிற்றை அகற்றி, மாலுமிகள் பாய்மரத்தில் ஏறும் கயிற்றேணியைப் பருத்தி நூலில் கட்டினான். உட்கார முடியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்தான். பலபேரை அடைத்துவைத்த அறையின் வியர்வை நாற்றம் அடித்தது. ஜன்னல்களைத் திறந்தும் போகவில்லை.

காரைக்குடி லாட்ஜில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் வந்தான். பெட்டி பூட்டியபடியே இருந்தது. அவன் கட்டிய நூல் அடியில் சுருண்டு கிடந்தது.

பாய்மரத்தில் வேறொரு ஏணி ஏறியிருந்தது.

நரைத்த முடி.

அவனுடைய இடுக்கியால்கூடப் போட முடியாத அளவுக்குச் சின்ன முடிச்சுகள். ஆச்சியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் தலையைச் சுற்றியிருந்த துண்டை மெல்ல எடுத்தார். பின்மண்டையில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை.

"பழைய கயிறு அறுந்ததுலேர்ந்து இப்புடித்தான் தம்பி" என்றார் தணிந்த குரலில். "முழுசாக் கட்டிட்டா அடங்கிரும்னு நெனச்சேன். பாதியில விட்டுட்டுப் போயிராதீக."

அவன் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனான். பிறகு திரும்பி வந்தான். தோள்வரை வளர்ந்திருந்த தன் முடியைக் கத்தரித்தான். திரித்தான். கட்ட ஆரம்பித்தான்.

பீரங்கித் துளைகளிலிருந்து விரல்மேல் காற்று பட்டது. வெதுவெதுப்பாக.

விட்டு விட்டு.

மூச்சு.

மாலைவரை கட்டினான். கடைசி முடிச்சு இறுகியதும் நாற்றம் நின்றது. அன்றிரவு ஆச்சி நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் போனில் அவரே சொன்னார்.

ஒரு வாரம் கழித்து, மதுரையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தலைக்குக் குளித்த சத்தியப்பிரியா மொட்டைமாடியில் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். கணவனைக் கூப்பிட்டு, "பின்னாடி என்னமோ சிக்கு, பாருங்க. சீப்பு எறங்க மாட்டேங்குது" என்றாள்.

வீரபாண்டியன் பார்த்தான். சிக்கு இல்லை. கூந்தல் நுனியிலிருந்து கழுத்தை நோக்கிச் சின்னச் சின்னப் படிகளாக ஒரு ஏணி. ஒன்பது படிகள்.

வெயிலில் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பத்தாவது படி தானாக முடிச்சிட்டு இறுகியது.